வெந்நீர் மேல் விழுந்த பழி

எங்கள் ஆறு மா நிலம் போனதற்குக் காரணம் அம்மா வைத்த வெந்நீர் என்று அப்பா சொல்வார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தாலும் சொல்வார், ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் சொல்வார், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன அன்றைக்கும் அதையேதான் சொன்னார். "இவ வெந்நீர் வச்சா, என் நெலம் போச்சு." அம்மா வாயைத் திறக்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு கையில் இருக்கிற வேலையைச் செய்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் கெமிஸ்ட்ரி படித்ததையும், மேலே படித்துப் பாலிமர் ஆராய்ச்சிக்குப் போனதையும் ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். அந்தத் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் போன பெண் என்பார்கள். அட போங்கப்பா. எனக்கு அறிவுத் தாகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மா மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். கொலைக் கேஸில் மாட்டியவனுக்கு வக்கீல் கிடைப்பான். ஒரு சொம்பு வெந்நீருக்கு யார் வக்கீல்? நான்தான் போனேன்.

ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர், ஆனால் அது எங்கள் பெயரில் இருந்த நிலம் இல்லை. குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய மிராசுதார் நிலம். என் தாத்தா அந்த நிலத்தில் பண்ணையாள். தாத்தாவின் கடைசிக் காலத்தில் அது குத்தகையாக மாறி, பிறகு அப்பா கைக்கு வந்தது. உழுவது, நடுவது, களை எடுப்பது எல்லாம் நாங்கள். அறுத்துப் போரடித்ததும் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து கொடுத்துவிட வேண்டும். மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். அவருக்குப் பதிலாக அளந்து வாங்கியவர் அவருடைய காரியக்காரர். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அப்போது சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. ஊர்ச் சுவரெல்லாம் உழுதவனுக்கே நிலம் என்று எழுதியிருந்தார்கள். எழுதின சுவரில் பாதி மிராசுதாருடைய சுவர். அவருக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. அவர் அதற்குள் கதரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரைவேட்டிக்கு மாறியிருந்தார். மேடையில் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பெரிய ஆட்கள் எல்லாம் உழவனுடைய கண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு பக்கம் செங்கொடிச் சங்கம் கூலி கேட்டு மறியல் செய்தது, போலீஸ் வேன் வந்தது, நாற்றங்காலில் ஆள் இறங்காமல் நாற்று முற்றிப்போனது. அந்தச் சந்தடியில்தான் குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிந்துகொள்ளும் என்று சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் நினைத்தபோது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ குத்தகைக்காரன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள்.

அதனால் அந்தச் சம்பா அறுவடையில் அப்பா களத்தில் நின்று ரசீது கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் பொங்கல் லீவுக்கு வந்திருந்தேன், சோற்றுக் கூடையோடு களத்து மேட்டில் நின்றேன்.

"அளந்ததுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க. எல்லாரும் வாங்கிக்கச் சொல்றாங்க."

"சீட்டா?" என்றார் காரியக்காரர். "இந்தா வாங்கிக்க."

கையில் இருந்த மரக்காலை அப்படியே வீசி அப்பா முகத்தில் அடித்தார். நெல் அளக்கிற மரக்கால், இரும்புப் பூண் போட்டது. அப்பா குவியல் மேலேயே விழுந்தார். நெல்லில் ரத்தம் பட்டுவிட்டதே என்றுதான் காரியக்காரருடைய ஆட்கள் பதறினார்கள். ரத்தம் பட்ட நெல்லை எங்கள் பங்கில் தள்ளிவிட்டு மீதியை மூட்டை கட்டினார்கள்.

முன்பல் அன்றைக்கே போயிற்று. ஆடிக்கொண்டிருந்த மற்றவற்றை மாயவரம் ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். மேல் வரிசை முழுக்கக் காலி. அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளை இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிடுகிற மனிதர் அவர். பல் போனதும் பேச்சில் பாதி எழுத்து காற்றாகப் போயிற்று. யாராவது எதிரே வந்தால் துண்டால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். தெருப் பிள்ளைகள் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தன. ஒரு வாண்டை நான் துரத்திப் பிடித்து அறைந்தேன்.

பதிவுக்கு எழுதிப் போட்டிருந்தோம். ஆபீசர் ஊருக்கே வந்து விசாரிப்பார், வாய்தா கிடையாது என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். ரசீது இல்லை. சாட்சிக்கு வருகிறேன் என்றவர்கள் எல்லாம் மிராசுதார் நிலத்தில் பிழைக்கிறவர்கள். ஆகவே அப்பா வாய்தான் அத்தாட்சி. எத்தனை தலைமுறையாக உழுகிறோம், எந்தப் போகத்தில் என்ன போட்டோம், நிலத்துக்கு நாலு பக்கமும் யார் நிலம், இதையெல்லாம் அவர் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அந்த நாலு எல்லையைத் தாலுகா ஆபீஸில் செக்குபந்தி என்பார்கள். உழுதவனுக்குத்தான் அது தூக்கத்தில் கேட்டாலும் வரும். அப்பாவுக்கு வரும், பல் இருந்தால். அடுத்த லீவுக்கு நான் வந்ததும் ஆட்டை விற்றுவிட்டு அப்பாவும் நானும் கும்பகோணத்துக்குப் போனோம்.

பல் செட் கட்டுகிறவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் இருந்தார். வாசல் கண்ணாடிப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருக்கும் பல் வரிசைகள். முதல் நாள் மெழுகில் அளவு எடுத்தார். அடுத்த முறை போனபோது எங்கள் கண் முன்னாலேயே செய்தார். ரோஸ் நிறப் பொடி, அதில் ஊற்ற ஒரு திரவம். பாட்டிலைத் திறந்ததுமே மூக்கைப் பிய்க்கிற வாடை. இரண்டையும் குழைத்ததும் கொழுக்கட்டை மாவு பதத்துக்கு வந்தது. அதைப் பல் பதித்த அச்சில் அமுக்கி, பித்தளைப் பெட்டியில் இறுக்கி, தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

"இது வேகணும்ங்க. வெந்தாத்தான் கட்டிப்படும். உக்காருங்க, சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலம் ஆகவில்லை. மத்தியானமே ஸ்டவ் புஸ்ஸென்று அணைந்தது. அவர் எடுத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஒன்றும் இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வராத நேரம், பக்கத்துக் கடையில் கேட்டார், அங்கேயும் இல்லை. திரும்பி வந்து பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"போதும்ங்க, வெந்துடுச்சு. நான் எத்தன செட்டு பாத்திருக்கேன்."

ஆற வைத்து, அச்சை உடைத்து எடுத்து, ஓரம் தேய்த்து அப்பா வாயில் மாட்டினார். அப்பா கண்ணாடியில் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சத்தியமா நல்லாருக்கு" என்றார். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம், "குத்தாலம் ரெண்டு, சில்லற சரியா இருக்கு, சீட்டக் கிழிங்க தம்பி" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். ஆடுதுறை தாண்டுகிற வரை பக்கத்து சீட்டுக்காரரை விடவே இல்லை. அந்த மனிதர் பாவம், ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒத்திகை நடந்தது. அம்மாதான் ஆபீசர். அடுப்படியில் குந்தியபடி, "உம், சொல்லுய்யா, இது யார் சாகுபடி?" என்று குரலைக் கனமாக வைத்துக்கொண்டு கேட்பாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டி நின்று, "எங்கப்பா காலத்துலேருந்து எங்க சாகுபடிதாங்கய்யா. கெழக்க வாய்க்கா, தெக்க களத்து மேடு" என்று வரிசையாகச் சொல்லுவார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பல் செட்டில் ஒரே ஒரு கோளாறு இருந்தது, வாடை. அந்தத் திரவத்தின் நெடி அதிலிருந்து போகவே இல்லை. சோறு பெயிண்ட் டப்பாவில் வடித்த மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார். விசாரணை அன்றைக்குக் காலையில் வாயைக் கையால் மூடி ஊதி மோந்து பார்த்தார்.

"இந்த நாத்தத்தோட போய் நின்னா குடிச்சிட்டு வந்துட்டேன்னுவான். ஏய், வெந்நீர்ல போட்டு அலசிக் குடு."

நன்றாகக் கவனியுங்கள். கேட்டவர் அவர். வாயைத் திறந்து கேட்டவர் அவர்.

அம்மா அன்றைக்கு நெல் அவித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் அண்டா. எங்கள் பக்கத்தில் நெல் அவிக்கிற வீட்டில் அந்த வெந்நீரை வீணாக்க மாட்டார்கள். பால் சொம்பு, காய்ச்சல்காரர் குடித்த தம்ளர், பிள்ளைத் துணி, எல்லாம் அதில்தான் அலசுவோம். எந்த நாற்றமும் அதில் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அம்மா ஒரு சொம்பு மொண்டாள். கொதிக்கக்கூட இல்லை, விரலை விட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற சூடு, அவ்வளவுதான். பல்லை அதில் போட்டுவிட்டு அவருக்கு வேட்டி எடுக்கப் போனாள். திரும்பி வந்து எடுத்தபோது அது மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் வளைவு போய், ஓரம் பிரிந்து, அப்பளம் வாட்டினது மாதிரி கோணிக்கொண்டு இருந்தது.

அம்மா அதைக் கையால் அமுக்கினாள். ஊதினாள். மறுபடி அமுக்கினாள். அப்பா பிடுங்கி வாயில் வைத்தார். பேச வாயைத் திறந்ததும் அது நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "அடிப்பாவி" என்றார். அதற்கு மேல் சொல்ல நேரம் இல்லை, ஆபீசர் வந்துவிட்டார் என்று ஆள் வந்துவிட்டது.

விசாரணை பள்ளிக்கூடத்தில். எங்களுக்காகப் பேச வருவதாக இருந்த செங்கொடிச் சங்கத்து ஆளை முந்தின நாளே போலீஸ் அழைத்துக்கொண்டு போயிருந்தது. சாட்சி சொல்கிறேன் என்றவர்களில் ஒருவருக்குத் திடீரென்று திருவிடைமருதூரில் துக்கம், இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. ஆபீசருக்கு முன்னால் மேஜை, பக்கத்தில் காரியக்காரர். பெண்களைப் பின்னால் வாசலை ஒட்டி நிற்கச் சொன்னார்கள்.

அப்பா மேஜையருகே போய் நின்று பேசினார். துண்டால் மூடாமல், வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். வார்த்தை வரவில்லை, காற்றும் எச்சிலும் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஆபீசர் மேஜைமேல் குனிந்து அப்பாவிடம் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தாளு என்ன சொல்றான்? யாருக்காவது வெளங்குதா?" என்றார்.

"கூலிக்குத்தான் வேலை பாத்தேன்னு சொல்றான் சார்" என்றார் காரியக்காரர். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

நான் கத்தினேன். "பொய் சார்! அவர் அப்படிச் சொல்லல. எல்லாம் எனக்குத் தெரியும், நான் சொல்றேன் சார்."

"நீயா சாகுபடி பண்றே? உழுறவன் வாயால வரணும். பொம்பளப் புள்ளைங்க நடுவுல பேசாத, வெளிய போ."

அப்பா இரண்டு கையையும் ஆட்டி இல்லை, இல்லை என்றார். அது எழுத்தில் ஏறவில்லை. பண்ணைச் சாகுபடி, அதாவது மிராசுதாரே ஆள் வைத்துப் பயிரிடுகிறார் என்று எழுதிக்கொண்டு ஆபீசர் காரில் ஏறினார். அடுத்த குறுவைக்கு அப்பா அதே வயலில் தினக்கூலிக்கு இறங்கினார். கோணல் பல் செட்டை அன்று மாலையே கொல்லையில் விட்டெறிந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைச் சொன்னார், இவ வெந்நீர் வச்சா என்று.

அதற்குப் பிறகு அம்மா நெல் அவிப்பதையே விட்டுவிட்டாள். பச்சை நெல்லைக் கொடுத்துப் பக்கத்து வீட்டில் அவித்த நெல்லாக மாற்றிக்கொள்வாள். அப்பாவுக்குக் குளிக்க வெந்நீர் வைக்கும்போது அவர் எதிரில் வைக்க மாட்டாள். எவன் பல்லை உடைத்தானோ அவனைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது, வெந்நீரைப் பற்றி மட்டும் விடிந்தால் பேச்சு. மிராசுதார் மகன் பஞ்சாயத்து யூனியன் தேர்தலில் நின்று ஜெயித்து, ஏழை உழவனுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மைக்கில் பேசினான். நாங்கள் கை தட்டாமல் நின்றோம், அதுதான் எங்களால் ஆனது.

நான் சென்னைக்குப் போனேன். எம்.எஸ்ஸி.யில் ஒரு நாள் வகுப்பில் அந்தத் திரவத்தின் பாட்டிலைத் திறந்தார்கள். மாடியறை வாடை. பாட்டில் மேல் ஒட்டியிருந்த பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்தவள்தான், விடவில்லை.

விஷயம் இதுதான். அந்தத் திரவத்தில் இருப்பவை தனித்தனித் துணுக்குகள். வேகும்போது ஒன்றின் கையை ஒன்று பிடித்துச் சங்கிலியாக நீளும். அதைத்தான் பாலிமர் என்கிறோம். ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு சூடு உண்டு. அதற்குக் கீழே இருக்கிறவரை சங்கிலிகள் நெருக்கியடித்து உறைந்து நிற்கும், பொருள் கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும். அந்தச் சூட்டைத் தாண்டினால் சங்கிலிகள் நெளிய ஆரம்பிக்கும், பொருள் இளகும். கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்று அதற்குப் பெயர். பாலிமர் ஒன்றேதான், ஆனால் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அந்தச் சூடு ஏறும் இறங்கும்.

ஏன் என்று கேட்டால், டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாட்டினவன் அசைய முடியாது, இரண்டு பக்கமும் ஆள். ஓரத்தில் இருக்கிறவன் காலை நீட்டுவான், உடம்பை ஆட்டுவான், அவனுக்கு ஒரு பக்கம் காலி. சங்கிலியிலும் நுனியில் இருப்பதற்குத்தான் ஆட்டம் அதிகம். குட்டைச் சங்கிலிகள் என்றால் எங்கே பார்த்தாலும் நுனி. நுனி கூடக் கூட இடையில் காலி இடமும் கூடும், கொஞ்சம் சூட்டிலேயே மொத்தமும் இளகிவிடும். சங்கிலியை நீளமாக்கிக்கொண்டே போனால் இளகுகிற சூடும் முதலில் மளமளவென்று ஏறும், பிறகு மெதுவாக ஏறும், ஒரு நீளத்துக்குப் பிறகு ஏறவே ஏறாது. முழுக்க வெந்த பல் செட் கொதிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் போகிறவரை விறைப்பாக நிற்க வேண்டும். விரல் சுடுகிற வெந்நீரில் அது கோணக் கூடாது.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பல் செட் எங்கே என்று. அவள் அதைக் கொல்லையிலிருந்து பொறுக்கி எடுத்துக் நெல் கொட்டிவைக்கிற குலுக்கைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"இத எதுக்குடி கேக்குற? இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"குடும்மா, சொல்றேன்."

ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து ஒரு சில்லை உடைத்து, நன்றாக வேகவைத்த இன்னொரு செட்டின் சில்லோடு சேர்த்துச் சூடேற்றினேன். இரண்டின் மேலும் ஊசியை நிறுத்தியிருந்தேன். அப்பாவுடையதில் ஊசி எப்போதோ இறங்கிவிட்டது, மற்றது சலனமில்லாமல் நின்றது. கரைத்தும் பார்த்தேன். அதற்குள் நீளச் சங்கிலி போக, குட்டைச் சங்கிலி கொள்ளை கொள்ளையாக இருந்தது. பொடி ஏற்கெனவே வெந்து வந்த சங்கிலி. அந்த ஸ்டவ்வில் வேக வேண்டியது திரவம் மட்டும்தான், அது பாதியில் நின்றுவிட்டது. வேகாமல் மிஞ்சிய திரவமும் உள்ளேயே தங்கி இளக்கியிருக்கும், அந்த வாடையே அதற்குச் சாட்சி. மண்ணெண்ணெய் தீர்ந்தது காரணம், போதும்ங்க என்ற மனிதர் காரணம். அம்மாவின் வெந்நீர் காரணமில்லை. எனக்கு ஆய்வுக்கூடத்தில் குதிக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாளே ரயில் ஏறினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார், முன்னால் தட்டு. அம்மா சோற்றுப் பானையோடு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். சங்கிலி, நுனி, பஸ் சீட்டு, ஊசி, எல்லாம். அம்மாவுக்குப் பாதி புரிந்திருக்காது. கடைசி வாக்கியம் மட்டும் புரிந்தது.

"அப்ப நான் இல்லியா?"

"நீ இல்லம்மா. ஒழுங்கா வெந்திருந்தா உன் தண்ணி அத ஒண்ணும் பண்ணியிருக்காது."

அம்மா பானையைக் கீழே வைத்தாள். முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது. "கேட்டீங்களா? என் வெந்நீர் இல்லியாம். படிச்ச புள்ள சொல்றா, நான் இல்லியாம்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பொக்கை வாயை மென்றார். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சு எங்களுக்குப் பழகிப்போயிருந்தது, ஒரு எழுத்து விடாமல் விளங்கும்.

"வெந்நீராவது வெங்காயமாவது" என்றார். "பல்லு இருந்தா மட்டும் எழுதிக் குடுத்துருப்பானா? அந்த ஆபீசருக்கு நான் சொன்னது புரிஞ்சுதும்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"வடக்க மடத்து நெலம், நான் பதட்டத்துல கோயில் நெலம்னு கொளறிட்டேன். குனிஞ்சு என் காதுகிட்ட, கோயில் நெலம் இல்லய்யா, மடத்து நெலம்னு திருத்துனார். வெளங்காதவன் எப்புடித் திருத்துவான்? எல்லாம் வெளங்கிக்கிட்டுத்தான் நிமிந்து உக்காந்து அந்தக் கேள்வியக் கேட்டார்."

அன்றைக்கு நான் பார்த்தேனே, குனிந்து பேசியதை. என் ஊசியும் கரைசலும் ராத்திரி பகலாகப் படித்ததும் எல்லாம் ஒரு பல் செட்டைத்தான் விடுதலை செய்தது. நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது அப்பாவுக்கு அந்த மேஜை முன்னாலேயே தெரிந்திருந்தது.

அம்மாதான் கேட்டாள், மெதுவாக. "அப்ப, இத்தன வருஷமா ஏன் என்னையச் சொன்னீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேற யாரச் சொல்றது? அவனுங்களச் சொன்னா, மிச்சம் இருக்குற கூலி வேலையும் போயிடும். வீட்டுக்குள்ளயாவது யாரையாச்சும் சொல்லணும்ல."

என் வாயில் வந்ததை நான் இங்கே எழுத முடியாது. பெற்ற தகப்பனைப் பார்த்து ஒரு மகள் சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னேன். மரக்காலால் அடித்தவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அம்மா என்னைத் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள்.

அவர் சாப்பிட்டு எழுந்திருக்காமல் அம்மா ஒரு பருக்கை வாயில் வைத்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் காத்திருந்தவள். அன்றைக்கு அவர் எதிரிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். அப்பா காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சோறு போடு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.